இரண்டு இறாத்தல் வளர்ந்த டின்

1957. வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் அந்தப் பெட்டியைத் திறந்தார்கள். அரசாங்கம் அனுப்பிய பால்மா இருக்க வேண்டிய இடத்தில் கோதுமை மா இருந்தது.

மானிய அதிகாரி கணேசமூர்த்தி ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தான்.

"சாவி யார்கிட்ட?"

"ஆயாகிட்டங்க," என்றான் கணக்கப்பிள்ளை அழகுமுத்து.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பூரணி சுவரோடு நின்றாள். தோட்டத்துத் துரை அவளை வேலையை விட்டு நிறுத்தும் பத்துச்சீட்டை எழுதி வைத்திருந்தார். கையெழுத்து விழுந்தால் வேலையும் போகும், லயத்து வீடும் போகும்.

மானியத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பால் தொடங்கும் முன்பும் மூன்று மாதம் கழித்தும் பிள்ளைகளை நிறுக்க வேண்டும். எடை கூடினால்தான் அடுத்த தவணை. கூடியிருந்தது. அதுவரை பெட்டிகள் ஸ்டோரில், அழகுமுத்துவின் பொறுப்பில். காம்பராவுக்குக் கரைத்த பால்தான் போனது. அதன் பிறகே பெட்டிகளும் சாவியும் பூரணியிடம் வந்தன.

"என் கையில இருந்தவரைக்கும் புள்ளைங்க ரெண்டு ராத்தல் ஏறியிருக்குங்க. அப்புறம் மாவு எப்புடி வந்துச்சுன்னு அவளக் கேளுங்க," என்றான் அழகுமுத்து.

கணேசமூர்த்தி கேட்டான்.

"சாவி வாங்குன நாள்லேருந்து இப்புடித்தாங்க இருக்கு. பால்மா எப்புடி இருக்கும்னு எனக்கென்னங்க தெரியும்?"

"அதுக்கு முன்னால கரைச்சு வந்தது?"

"வெள்ளையா இருக்குங்க. வாளி அடியில பசையா ஒட்டும்."

"பிள்ளைகள எங்க நிறுத்தாங்க?"

"கொழுந்து மடுவத்துலங்க. மொதத் தடவ சாயங்காலம், கொழுந்து நிறுத்த கையோட. ரெண்டாந் தடவ ஞாயித்துக்கெழம காலையில."

அழகுமுத்து சிரித்தான். "நேரம் பாத்தா புள்ள வளருது?"

மாலை ஐந்து மணி. கொழுந்து நிறுத்த பெண்கள் வெறுங்கூடையோடு மடுவத்தை விட்டு இறங்கினார்கள். கணேசமூர்த்தி தன் பையிலிருந்து ஒட்டுப் பிரிக்காத பால்மா டின் ஒன்றை எடுத்துத் தராசில் மாட்டினான். முள் மூன்று இறாத்தலில் நின்றது. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை மடுவத்துக்குத் துரையும் வந்தார்.

"பிள்ளைகள நிறுத்த மாதிரியே இத நிறுத்துக் காட்டுங்க," என்றான் கணேசமூர்த்தி.

அழகுமுத்து தராசின் திருகைச் சரிசெய்தான். டின்னை மாட்டினான். முள் ஐந்தில் நின்றது.

"நேத்து மூணு," என்றான் கணேசமூர்த்தி. "ஒரு ராத்திரியில ரெண்டு ராத்தல் ஏறியிருக்கு. இது ஒரு சொட்டுப் பால் குடிக்கல."



"கூடைக்காக முள்ளை ரெண்டு ராத்தல் பின்னால வச்சுத்தான் கொழுந்து நிறுப்பீங்க. மொத தடவ பிள்ளைகளயும் அப்படியே நிறுத்தீங்க. ரெண்டாந் தடவ முள்ளை நேராக்கினீங்க. பிள்ளைகள் வளரல, முள்தான் நகர்ந்துச்சு. வளரலேன்னா பால் போகல. அப்ப பெட்டி உங்க கையில."

"மறந்துருப்பேங்க..."

"இப்ப மறக்கலையே."

அழகுமுத்து தரையைப் பார்த்தான். "ஹட்டன்ல ஒரு ஓட்டலுக்கு வித்தேங்க," என்றான்.

துரை பத்துச்சீட்டில் பூரணியின் பெயரைக் கோடு போட்டு அடித்தார்.

கணேசமூர்த்தி அறிக்கையில் ஒரு நிபந்தனை சேர்த்தான். ஒவ்வொரு முறையும் பிள்ளைகளுக்கு முன் ஒரே செங்கல்லை நிறுக்க வேண்டும். செங்கல்லின் எடை மாறினால் அந்த நிறுவை செல்லாது.

திங்கள் காலை காம்பரா வாசலில் அந்த டின்னைப் பூரணியிடம் நீட்டினான்.

"கவர்மெண்டு டின்னுங்களா?"

"என் வீட்டு டின்."

பிரசவத்தில் அவன் மனைவியும் பிள்ளையும் போய் ஏழு மாதம். அதற்கு முந்தின வாரம் வாங்கியது.

பூரணி ஒட்டைப் பிரித்தாள். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். காம்பராவுக்குள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"இனிக்குதுங்களே, ஐயா. இதுங்க ஒருநாளும் இனிக்குதுன்னு சொல்லலியே."