உறியில் தொங்கிய வெடியுப்பு

பொழுது சரியாக விடியக்கூட இல்லை, முனியம்மா வாசலில் நின்று ஆரம்பித்துவிட்டாள். குப்பம் முழுக்கக் கேட்கவேண்டும் என்றுதான் அந்தக் குரல்!

"என் புருஷன் பொழப்புல மண்ணப் போட்டுட்டாளே! கூடவே இருந்து கழுத்த அறுத்துட்டாளே! வயித்தெரிச்சல்... வேற இன்னா?"

உள்ளே அவளுடைய ஓரகத்தி பச்சையம்மா தன் இரண்டு சேலைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். முனியம்மா பேசுவதைக்கூடத் தாங்கிவிடலாம். புருஷன் குப்பன் நேற்றுச் சொன்னானே ஒரு வார்த்தை... "காலைல உங்க நைனா வூட்டுக்குப் போயிடு. என் தம்பியக் கெடுத்தவ இந்த வூட்ல இருக்கக்கூடாது." பன்னிரண்டு வருஷம் கூடக் குடித்தனம் பண்ணினவளிடம் 'நீயா செய்தாய்?' என்று கேட்டானா? கேட்கவில்லை, பாவி மனுஷன்!

விஷயம் இதுதான். பழவேற்காட்டில் உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், கட்டிய கோட்டையில் தண்ணீர் குளிரவைக்கும் வேலைக்கு ஓர் ஆளைப் பழக்கினார்கள். வெடிமருந்தில் சேர்க்கிற வெடியுப்பைத் தொட்டித் தண்ணீரில் கரைத்தால் சில்லென்று ஆகும். அதற்குள் குடிதண்ணீர்க் கூஜாவை வைத்துச் சுழற்றிக்கொண்டே இருக்கவேண்டும். பிறகு தொட்டித் தண்ணீரைக் காய்ச்சி வற்றவைத்து உப்பைத் திரும்ப எடுக்கவேண்டும். குளிரவைப்பது பாதி வேலை, காய்ச்சுவது பாதி வேலை. தேறிவிட்டால் மாசம் தவறாமல் அரிசி, உடுத்தத் துணி. கைத்திறமை இருந்தால் நாகப்பட்டினம் கோட்டைக்குப் போகலாம், கப்பலேறி ஜாவாத் தீவுப் பத்தாவியாவுக்கே போகலாம் என்று பழக்குகிற காசிம் சாயபு சொல்லியிருந்தார்.

கோட்டைக்கு மீன் கொண்டுபோகும் குப்பனைத்தான் சாயபு முதலில் கூப்பிட்டார். தடுத்தவள் பச்சையம்மா. போன ஐப்பசிப் புயலில் கட்டுமரம் மோதி, குப்பனின் தம்பி சின்னதம்பிக்கு முட்டி நொறுங்கியிருந்தது.

"உனக்குக் கடல் கீது. தம்பிக்கு இன்னா கீது? அவர அனுப்பு" என்றாள்.

மனசறிந்துதான் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் எரிந்தது! கோட்டையில் கொடுத்த சீட்டித் துணியைக் கட்டிக்கொண்டு முனியம்மா கிணற்றடிக்குப் போவதும், "எங்க வூட்டுக்காரரு கோட்டை ஆளு, இனிமே உப்புத்தண்ணில நனைய மாட்டாரு" என்று நீட்டி முழக்குவதும்... தன் புருஷன் அலையோடு மல்லுக்கட்டும்போது இதையெல்லாம் கேட்கவேண்டுமா? தன் வீட்டுக்காரனுக்கு வந்த பவிசல்லவா அது! ஒரே ஒரு தரம் இவள் மூக்கறுபடட்டும் என்று பச்சையம்மா நினைத்தது நிஜம்.

நினைத்தபடியே நடந்துவிட்டது. பழகுகிறவன் தானே காய்ச்சி எடுத்த உப்பைக் கொண்டுதான் பரீட்சை. சின்னதம்பி தன் உப்பைப் பொடித்து, பானை வாயைக் கட்டி, உறியில் தொங்கவிட்டிருந்தான். நேற்று அதை அப்படியே தூக்கிப்போய்த் துரைமார் முன்னால் தொட்டியில் கொட்டினான். சுழற்றினான், சுழற்றினான்... கூஜா குளிரவே இல்லை. சாயபு ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கருவாட்டுக்குப் போடுகிற உப்பு! வெள்ளிக்கிழமை ஒழுங்காக வந்து செய், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டில் இருப்பது நாலு பேர். பானையை மாற்றியது யார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை, நேராகப் பச்சையம்மாவைப் பார்த்தார்கள்.

போவதுதான் போகிறோம், கடலுக்குப் போகிற மனுஷனுக்குக் கஞ்சி வைத்துவிட்டுப் போவோம் என்று அவள் அடுப்படியில் உட்கார்ந்தாள். பாயில் காய்ந்திருந்த மடவைக் கருவாடு ஒன்றை எடுத்துத் தணலில் போட்டாள்.

சுர்ர்ர்!

கருவாட்டைச் சுற்றி நெருப்பு சீறியது. பொறி பறந்தது. பச்சையம்மா அலறிப் பின்னால் சாய்ந்தாள்.

அலறல் கேட்டுக் குப்பனும் முனியம்மாவும் ஓடிவந்தார்கள். நொண்டிக்கொண்டே பின்னால் வந்த சின்னதம்பி அடுப்பைப் பார்த்துத் திகைத்தான். "அண்ணி! வெடியுப்புதான் இப்படி எரியும்!" பாயிலிருந்த இன்னொரு கருவாட்டைச் சுரண்டி நாக்கில் வைத்தான். "ஆமாண்ணா, ஜில்லுனு கீது! என் உப்புதான்!"

"இந்த மீனுக்கு உப்பு போட்டது யாரு?" என்றான் குப்பன்.

பச்சையம்மா எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம பட்ட மடவை இது. அப்ப மூணு நாளு நான் தூரமா வெளிய ஓலைக்கொட்டாய்ல ஒக்காந்திருந்தேன்."

அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. தூரமான பெண் உப்புப் பானையைத் தொட்டால் கருவாடு புழுத்துவிடும் என்று அந்தக் குப்பத்தில் கட்டுப்பாடு. அந்த மூன்று நாளும் உப்பில் கை வைத்தவள் முனியம்மா ஒருத்திதான்.

முனியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அய்யோ அக்கா... நீ தெனம் உறியப் பாத்துப் பெருமூச்சு வுடுவியே... உன் கண்ணு பட்டுடும்னு பயந்து, நீ வெளிய ஒக்காந்த அன்னிக்கு அந்தப் பானைய எறக்கி உப்புப் பானைங்களோட ஒளிச்சேன். உறில சொம்மா ஒரு உப்புப் பானைய மாட்டினேன். மீனு மலையா வந்து குமிஞ்சிது, அவசரத்துல கைக்கு வந்த பானைல எடுத்துப் போட்டேன்... பரீட்சைக்கு மொத நாளு சரியாத்தான் மாத்தி மாட்டினேன்னு நெனச்சேனே! எல்லாம் ஒரே மாதிரி பானையாச்சே... பாவி நான் உன்னைச் சொன்னேனே!"

குப்பன் தலையைக் குனிந்துகொண்டான். "பச்ச... மூட்டையப் பிரி."

"வெளிய போன்னு சொன்னப்ப என் மூஞ்சியப் பாத்தியா நீ? இப்பவாவது பாத்துச் சொல்லு."

அவன் நிமிர்ந்தான். கண் நிறைந்திருந்தது. "தப்பு பண்ணிட்டேன் பச்ச. போவாத" என்றான்.

முனியம்மா ஓரகத்தியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். பச்சையம்மா அவள் தோளைப் பிடித்துத் தூக்கினாள். குற்றம் இல்லை என்று ஆனபிறகும் மனசுக்குள் ஒன்று முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"எழுந்திருடி. பானைய நான் தொடல. ஆனா உன் புருஷன் தோக்கணும்னு நெனச்சேன்டி... என் வாயாலயே அவர அனுப்புன்னு சொல்லிட்டு, தோக்கணும்னும் நெனச்சேன்! நீ பயந்தது பொய்யில்ல."

"அக்கா!" என்று முனியம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் விக்கி விக்கி அழுதார்கள்.

பச்சையம்மா முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூட்டையைப் பிரித்துப் பழைய சேலையை எடுத்து நடுவில் கிழித்தாள். "வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு நாளு கீது. எல்லா மீனையும் கழுவு. அந்தத் தண்ணிய இதுல வடிகட்டிக் காய்ச்சலாம். பானைல மிச்சம் கீறதையும் சேத்துக்கலாம்."

"மீன் நாத்தம் அடிக்குமே அக்கா? துரை மூக்கப் பொத்திக்குவாரே!"

"உப்பு தொட்டில, துரை குடிக்கிறது கூஜாவுல. நீ கழுவுடி!"

வியாழக்கிழமை உச்சிவெயிலில், தணலில் தூவிப் பார்த்தபோது அந்தக் கருவாட்டைப் போலவே சீறிய உப்பில் கொஞ்சத்தைச் சின்னதம்பி ஒத்திகையாக வீட்டுத் தொட்டியில் கரைத்து, கூஜாவைச் சுழற்றினான். முனியம்மா ஒரு சொம்பில் ஊற்றி, தன் புருஷனுக்குக்கூடக் காட்டாமல் நேராகப் பச்சையம்மாவிடம் நீட்டினாள். "மொதல்ல நீ குடி அக்கா."

பச்சையம்மா ஒரு வாய் குடித்தாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"பல்லு கூசுதுடி! நாளைக்குக் கோட்டையில இது மட்டும் குளிரலன்னா... மறுபடி என்மேலதானே பழி போடுவ?"

"போக்கா!" என்று முனியம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.