கைப்பறப்பு

குழிப்பட்டியில் அன்று காற்று வரும் நாள். செவ்வாய்க் கோளின் மற்ற ஊர்களைப் போலவே அங்கேயும் காலி மூச்சுக்காற்று உருளைகளைத் தெருக்குழாயில் வரிசை போட்டுவிட்டு ஊர்க்கதை பேசுவார்கள். நிறைமதிக்கு விமானி உரிமம் கிடைத்ததுதான் அன்றைய கதை. வட்டார விமானத்தில் ஒன்று, வாடகை விமானத்தில் ஒன்று என்று அவளுக்கு இரண்டு வேலைகள் காத்திருந்தன.

“வட்டார விமானத்துல சேரும்மா. மாசம் பொறந்தா சம்பளம், சாயங்காலம் வீடு,” என்றார் அப்பா அறவாழி.

“அங்க எல்லாத்தையும் தானோட்டி எந்திரமே ஓட்டிடுதுப்பா. அப்புறம் நான் ஓட்டக் கத்துக்கிட்டது எதுக்கு?”

அறவாழி உருளையை முன்னே நகர்த்தினார்.

நிறைமதி வாடகை விமானத்தில் சேர்ந்தாள். முதலாளி குலோத்துங்கன் பணக்காரர்களுக்கென்றே ஒரு சேவை நடத்திவந்தார். பெயர் கைப்பறப்பு. இயந்திரத்தின் நிழல்கூடப் படாமல் மனிதக் கையாலேயே ஓட்டப்படும் விமானம். கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றும். ஆனாலும் கூட்டம் அலைமோதியது.

முதல் பயணத்திலேயே புழுதிப்புயல் பிடித்துக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே செக்கச்செவேலென்று ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் காற்று எந்தப் பக்கம் இழுக்கிறதென்று நிறைமதியின் உள்ளங்கைக்குத் தெரிந்தது. அதை நம்பி வளைத்து, இறக்கி, பூ வைத்ததுபோல் ஓடுபாதையில் வைத்தாள். பிறந்ததே இதற்குத்தான் என்றிருந்தது.

சுரங்க முதலாளி பர்வதவர்த்தினி அம்மாள் இருக்கையை விட்டு எழுந்து வந்தார்.

“ஏம்மா, ஒரு குலுக்கல்கூட இல்ல? எந்திரத்த ஓட்டவிட்டு எங்களை ஏமாத்துறியா?”

“இல்லீங்கம்மா, நான்தான் ஓட்டினேன்.”

“பொய் வேற!”

பணத்தைத் திருப்பிக் கொடுத்த எரிச்சலில் இருந்தார் குலோத்துங்கன். “இவ்வளவு நல்லா ஓட்டினா யாரும்மா நம்புவா? கொஞ்சம் தடுமாறேன்.”

“வரமாட்டேங்குது சார்.” உண்மையிலேயே முயன்று பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

அடுத்த வாரம் விமானத்தில் ‘நடுக்கி’ என்ற கருவி பொருத்தப்பட்டது. மனிதக் கை எங்கே பதறும், எங்கே பிசகும் என்று அதற்கு அத்துப்படி. விமானத்தை முழுக்க அதுவே ஓட்டியது. திருப்பத்தில் கொஞ்சம் தாமதித்தது. இறங்கும்போது தவளைபோல் தத்தியது. யாரோ வாந்தி எடுத்தார்கள். நிறைமதி ஜன்னல் வழியாக மலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

விமானம் நின்றதும் கைதட்டல் அடங்கவே இல்லை. பர்வதவர்த்தினி அம்மாள் ஓடிவந்து நிறைமதியின் இரு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

“மனுஷக் கைன்னா கைதான்மா! எந்திரத்துக்கு இதெல்லாம் வருமா?”