விறைத்து நின்ற நீல வயர்

'அந்தப் பெயரில் கார்டு இல்லை' என்றது சர்வரின் திரை. நெட்வொர்க் கார்டின் பச்சை விளக்கோ எரிந்துகொண்டிருந்தது. எதை நம்புவதென்று தமிழ்நிலாவுக்குத் தெரியவில்லை.

சுரங்கத்துக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்ட் அலுவலகம் அது. கேட்டில் உள்ள கைரேகை மெஷின் இந்தச் சர்வரோடு பேசினால்தான் வருகை விழும். விழாவிட்டால் கூலி இல்லை. இரண்டாவது ஷிப்டு ஆட்கள் வெளியே வந்து இறங்கத் தொடங்கிவிட்டார்கள்.

காலையில் சர்வரின் இயங்குதளமான லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றியவள் அவளேதான். புதிய பதிப்பு, eth0 என்றிருந்த கார்டுக்கு enp2s0 என்று பெயர் வைத்தது. அமைப்புக் கோப்பிலும் அவள் அப்படியே எழுதினாள். ஓடியது. சாப்பிட்டு வந்து பார்த்தால் செத்துக் கிடந்தது. கோப்பைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஓர் எழுத்தும் மாறவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது.

வடலூரில் நெட்வொர்க் வேலை பார்க்கும் சத்யாவை அழைத்தாள். சற்று நேரத்தில் அவள் வந்தாள்; அவளுடைய உதவியாளன் சுதாகர் அவளுக்கு முன்னால் உள்ளே பாய்ந்தான்.

"வைரஸ்தான் அக்கா!"

"இந்த ரூம்ல இருக்கற ஒரே வைரஸ் நீதான். சும்மா இரு" என்றாள் சத்யா.

நாற்காலியை இழுத்தபோது, கார்டிலிருந்து விறைத்து நின்ற நீல வயர் தமிழ்நிலாவின் முழங்கையில் தட்டியது. "சே, எப்பவும் தொங்கிக்கிட்டுக் கிடக்கும். இன்னிக்கு இதுவும் வழிமறிக்குது."

சத்யா கீபோர்டைத் தொடவில்லை. மேசையை விரலால் தடவினாள்: கரித்தூசி. சர்வரைத் தடவினாள்: சுத்தம்.

"தூசி அடிச்சது யாரு?"

"நான்தாங்க" என்றார் வாசலில் நின்ற ஆபீஸ் உதவியாளர் குழந்தைவேல். "மேடம் சாப்பிடப் போனப்போ. நம்மூர்ல எது கெட்டாலும் தூசிதானே? கெடறதுக்கு முன்னாடியே ஊதிடலாம்னு."

"கார்டைக் கழட்டினீங்களாண்ணே?"

"சர்வர அணைச்சி, கழட்டித் தொடச்சி, திரும்பச் சொருகி ஆன் பண்ணிட்டேங்க."

"அதே இடத்துலயா?"

குழந்தைவேல் தலையைச் சொறிந்தார். "அது லூசா ஆடிகினு இருந்திச்சி. கீழ ஓரத்துல காலியா இருந்த எடத்துல போட்டேன். நல்லாப் புடிச்சிகினுச்சி."

"அதே கார்டு, அதே வயர்! எங்க சொருகினா என்ன?" என்றாள் தமிழ்நிலா.

"வயர் சுருங்காது, கார்டுதான் நகர்ந்திருக்கணும்" என்றாள் சத்யா. "பழைய பதிப்பு ஆளை ஞாபகம் வெச்சிக்கிட்டுப் பேர் வெச்சுது. புதுசு, உக்காந்திருக்கற இடத்தை வெச்சுப் பேர் வைக்குது. நம்ம குவார்ட்டர்ஸ் மாதிரிதான். வேற பிளாக்குக்குப் போனா விலாசம் மாறிடும்ல? இப்ப கார்டு பட்டியலைப் பார்."

enp3s0.

தன் கோப்பையே படித்துக்கொண்டிருந்தவள், கார்டின் இப்போதைய பெயரைக் கேட்கவே இல்லை.

"கோப்புல ரெண்டை மூணுன்னு மாத்திடலாம் அக்கா!" என்றான் சுதாகர்.

"அண்ணன் அடுத்த தடவை ஊதும்போது?" என்றாள் சத்யா.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். தமிழ்நிலா, சத்யா சொல்லச் சொல்ல எழுதினாள். /etc/systemd/network அடைவில் ஒரு .link கோப்பு. அதில் இரண்டே விஷயம்: கார்டோடு பிறந்த MAC முகவரி, அதற்குரிய பெயர் lan0. அமைப்புக் கோப்பிலும் enp2s0 இருந்த இடத்தில் lan0. பிறகு, சர்வர் எழும்போதே புதிய பெயரைப் படிக்க update-initramfs -u, ஒரு ரீபூட்.

கேட்டில் முதல் விரல் பதிந்தது. திரையில் வருகை விழுந்தது. இனி அந்தக் கார்டை எங்கே சொருகினாலும் அதன் பெயர் lan0.