மிஸுஹோவின் கப்பலைத் தொட்டது யார்?

பள்ளி முகாமிலிருந்து திரும்பிய மிஸுஹோ, ஷூக்களை வாசலில் உதறிவிட்டு நேராகத் தன் மேசைக்குத்தான் ஓடினாள்.

"யாரு என் கப்பலைத் தொட்டது?"

அந்தச் சத்தத்தில் சமையலறையில் அம்மாவின் கரண்டி நின்றது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, அதை இன்னும் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். வீட்டில் இருப்பதே மூன்று பேர். ஒருத்தி இப்போதுதான் வந்திருக்கிறாள். அம்மாவுக்கோ கப்பல் என்றால் தூசி துடைக்க வேண்டிய இன்னொரு சாமான். பிறகென்ன, துப்பறியவா வேண்டும்?

"அப்பா!"

"கொஞ்சம்தான் கண்ணு. ஞாயித்துக்கிழமை பொம்மைக் கப்பல் கண்காட்சியாச்சே, முடியாமப் போயிடுமோன்னு..."

"கொஞ்சமா? மேல்தளத்தையே ஒட்டி வச்சிருக்கீங்க!"

புத்தாண்டுக்குக் கிடைத்த காசு முழுவதையும் கொடுத்து மிஸுஹோ வாங்கிய, துண்டு துண்டாக ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் போர்க்கப்பல் அது. கையகலப் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான சாம்பல் நிறத் துண்டுகள். பல துண்டுகள் அரிசியைவிடச் சிறியவை. அவள் தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு வேறு அறைக்கு ஓடித் தும்முவாள். அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்த கப்பல்.

"நேரா ஒட்டியிருக்கேனா இல்லையா, நீயே பாரு" என்றார் அப்பா, கொஞ்சம் பெருமையாக.

"ஓட்டை போட்டீங்களா?"

"எந்த ஓட்டை?"

மிஸுஹோவுக்குக் காது சூடாகிவிட்டது. மேல்தளத்தின் அடியில் பாதி ஆழத்துக்குச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். ஒட்டுவதற்கு முன்பே அவற்றை மறுபக்கம் வரை துளைத்துவிட வேண்டும். அந்த ஓட்டைகளில்தான் கொடிமரமும் பீரங்கிகளும் நிற்கும். மேலேயிருந்து பார்த்தால் எங்கே துளைப்பது என்று தெரியாது. வழவழவென்று மொட்டையாக இருக்கும். இப்போது மொட்டையாகத்தான் இருந்தது. அந்தப் பசை பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டுவது, பிரிக்கவும் முடியாது.

"கொடிமரத்தை எங்க நிறுத்துறது? உங்க தலையிலயா?"

"மிஸுஹோ!" என்றாள் அம்மா. பிறகு அப்பாவைப் பார்த்து, "தொடாதீங்கன்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்றாள்.

"வேற ஒண்ணு வாங்கித் தரேன்டா."

"கடையில இருந்த கடைசிப் பெட்டியே இதுதான்! பகலெல்லாம் துறைமுகத்துல நிஜக் கப்பல் செய்றீங்களே, அது போதலையா?"

அப்பா தலையைச் சொறிந்தார். பிறகு, கேட்கக் கூடாத நேரத்தில் கேட்கக் கூடாததைக் கேட்டார். "ஆமா, கனத்துக்கு அடியில வைக்கிற இரும்புத் துண்டு எங்க? தேடித் தேடிப் பார்த்தேன். அது கிடைச்சிருந்தா அடித்தட்டையும் ஒட்டி முடிச்சிருப்பேன்."

அந்த இரும்புத் துண்டு மிஸுஹோவின் பென்சில் டப்பாவில் இருந்தது. கனமாக, குளிர்ச்சியாக இருக்கிறதே என்று முகாமுக்கே எடுத்துப் போயிருந்தாள். நல்லவேளை!

அவள் கப்பலைத் தூக்கிக்கொண்டு, படுக்கைகளை மடித்து வைக்கும் அலமாரிக்குள் ஏறிக் கதவைப் படாரென்று இழுத்துச் சாத்தினாள். இனி யாரும் தொட முடியாது.

உள்ளே கும்மிருட்டு. அழுகை வந்தது. அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, நிலநடுக்கத்துக்கென்று அங்கே மாட்டி வைத்திருந்த டார்ச்சைத் தடவி எடுத்து எரியவிட்டாள். இன்னும் என்னென்ன கெடுத்து வைத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டுமே! மூடாத அடிப்பக்கம் வழியாகக் கப்பலுக்குள் வெளிச்சத்தைக் காட்டினாள்.

மேல்தளத்தில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தது.

மிஸுஹோ டார்ச்சை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். குழி இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் மெல்லிசு. அங்கே மட்டும் வெளிச்சம் ஊடுருவுகிறது! அடிப்பக்கம் வழியாகத் துளைப்பான் எட்டாது; அந்தப் புள்ளிகளைப் பென்சிலால் குறித்துவிட்டாலோ, மேலேயிருந்தே துளைத்துவிடலாம்.

ஆனால் கப்பலைப் பிடிக்க ஒரு கை. பென்சிலுக்கு ஒரு கை. டார்ச்சுக்கு?

"அம்மா! கொஞ்சம் வாங்களேன்!"

"கறிக்குழம்பு அடிபிடிச்சுடும். அப்பாவைக் கூப்பிடு."

மிஸுஹோ பல்லைக் கடித்தாள். வேறு வழியில்லை. கதவை ஒரு விரல் அளவு திறந்தாள்.

"சார்! இங்க வாங்க."

அப்பா ஓடி வந்தார். முழங்கால் தாடையில் இடிக்க, அந்த அலமாரிக்குள் தன்னை மடித்துத் திணித்துக்கொண்டார்.

"டார்ச் மட்டும்தான் பிடிக்கணும். வேற எதையும் தொடக் கூடாது. மூச்சும் மெதுவா விடணும்."

"சரிங்க மேடம்."

"சிரிக்காதீங்க. நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன்."

அவள் ஒவ்வொரு புள்ளியாகக் குறித்தாள். அப்பாவின் கை ஆடவே இல்லை. வெல்டிங் செய்யும் கை அது.

"எப்படிடா கண்டுபிடிச்ச? எனக்குத் தோணவே இல்லையே!" என்றார். அடுத்த புள்ளிக்கு டார்ச்சை நகர்த்தியபடி, "அங்க நான் எங்க முழுக் கப்பல் செய்றேன்? ரெண்டு தகடு சேர்ற இடத்தைப் பத்த வைக்கிறதோட சரி. கப்பல் தண்ணியில இறங்கும்போது, என் மூலை எதுன்னு எனக்கே தெரியாது. அதான் உன் மேசையைப் பார்த்ததும் கை அரிச்சிடுச்சு. கேட்காமத் தொட்டது தப்பு. பெரிய தப்பு" என்றார்.

மிஸுஹோவுக்குப் பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை. இரண்டும் ஒன்றாக வந்ததில் எரிச்சல்தான் கூடியது.

வெளியே வந்து, ஊசித் துளைப்பானை விரலால் உருட்டி உருட்டித் துளைத்தாள்.

"கொஞ்சம் சாய்ச்சு..."

"கை கீழ!"

அப்பா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கொடிமரம் முதல் ஓட்டையில் நேராக நின்றது. அம்மாகூட எட்டிப் பார்த்து, "அட!" என்றாள்.

மிஸுஹோ கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, துண்டுகள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து உயிர்காக்கும் படகின் துண்டுகளை நறுக்கி, ஒரு தட்டில் வைத்து அப்பா பக்கம் தள்ளினாள்.

"இது உங்களுக்கு. ஒட்டுறது, தேய்க்கிறது, பெயின்ட் எல்லாம் நீங்கதான். நான் தொட மாட்டேன். எனக்குக் கேட்காமத் தொடுற பழக்கம் கிடையாது."

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில், அந்தப் பெட்டியை விற்ற கடைக்கார தகேயாமா அக்கா கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக் கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாம் நீயேவா செஞ்ச, மிஸுஹோ?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் மிஸுஹோ முந்திக்கொண்டாள். "நான் செஞ்சேன். நடுவுல அப்பா கெடுத்தாரு. அப்புறம் டார்ச் அடிச்சாரு."

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பி அப்பாவைப் பார்த்தார்கள். அவர் காது மடல் வரை சிவந்துவிட்டது.

"ஆனா அந்தப் படகு இருக்குல்ல," என்று மிஸுஹோ அதைத் தொடாமல் விரலை நீட்டிக் காட்டினாள், "அது முழுசா அவர் செஞ்சது."

தகேயாமா அக்கா குனிந்து பார்த்தார். "சின்னதா இருந்தாலும் சுத்தமான வேலை."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அப்பா அந்தப் படகைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். மிஸுஹோவிடம் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அடுத்த கப்பலில் அவருக்கு இரண்டு படகு கொடுக்கலாமா என்று யோசித்தபடியே, அவள் உர்ரென்று முகத்தை வைத்துக்கொண்டு நடந்தாள்.