எட்டு முழப் பட்டை

இப்போதெல்லாம் ஜனங்கள் ஒரு பொருளை வாங்கினால், அது யார் கையிலிருந்து வந்தது என்று கேட்பதே இல்லை. போனில் படம் பார்க்கிறார்கள், விரலால் தட்டுகிறார்கள், மூன்றாம் நாள் அட்டைப்பெட்டியில் வந்து இறங்குகிறது. யார் போட்டிருந்தான், ஏன் விற்றான், இருக்கிறானா செத்தானா, ஒரு மண்ணும் தெரியாது. சிங்கராயருக்கு இது சுத்தமாக ஆகாது. அதுவும் வாங்கியவன் சொந்த மருமகனாகப் போய்விட்டான்.

விமல்ராஜுக்கு வாரத்தில் ஆறு நாள் ஓசூரில் கம்பெனி வேலை. ஞாயிறானால் தண்ணீர் தேங்கிய பழைய கல் குவாரிகளில் முங்கி, அடியில் சிக்கிக் கிடக்கும் மோட்டார்களை எடுத்துக் கொடுப்பான். முதுகில் காற்று சிலிண்டரைத் தாங்குகிற ஸ்டீல் தகடு ஒன்றை எங்கிருந்தோ பழசாக வாங்கியிருந்தான். அதன் துளைகளில் ஒரே நீளப் பட்டை நுழைந்து, இரண்டு தோளையும் சுற்றி, இடுப்பில் பக்கிளோடு முடியும். பட்டை நைந்துவிட்டது. மாமனார் உத்தனப்பள்ளி ரோட்டில் லாரித் தார்பாய் தைப்பவர் என்பதால் அவரிடமே கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போயிருந்தான்.

“பழச வெட்டித் தூக்கிப் போட்ருங்க மாமா. புதுச தனியா கோக்கணும், அப்பிடித்தான் வீடியோவுல சொல்றாங்க. நாயித்துக்கெழம காலையில நான் எறங்கணும்.”

“எனக்கே சொல்லித் தரீங்களா மாப்ள? நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே நான் ஊசி புடிச்சவன்.”

சனிக்கிழமை மதியம் ஆணியிலிருந்து தகட்டை இறக்கினார். பட்டை ஈரமாக இருந்தது.

ஒரு வாரமாகச் சித்திரை வெயிலில் கொதிக்கிற ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் தொங்கிய பட்டை. மோந்து பார்த்தார். வெயிலே படாத ஆழத்துத் தண்ணீரின் வாசனை, பாசியும் கல்மாவும் கலந்த சில்லென்ற வாசனை, மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வெட்டச் சொன்னான். அவர் வெட்டவில்லை. பாவாடை நாடா மாற்றுகிறவர்கள் எல்லோரும் செய்வதையே செய்தார். புதுசின் நுனியைப் பழசின் வாலோடு வைத்துத் தைத்தார். மறுமுனையைப் பிடித்து இழுத்தால், பழசு போன வழியிலேயே புதுசு தானாக வந்து சேரும். வழி தப்பாது.

கரண்ட் போயிருந்தது. ரோட்டில் கம்பெனி பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போய், அந்தச் சத்தம் ராயக்கோட்டைப் பக்கம் தேய்ந்து அடங்கியது. தகட்டை மடியில் வைத்து, முழம் போட்டபடி இழுக்க ஆரம்பித்தார். முன்னமே அளந்து வைத்திருந்தார். பழசு எட்டு முழம். ஆறு. ஏழு. எட்டு. தையல் இன்னும் துளைக்கு வரவில்லை. ஒன்பது. பத்து. மேசை மேல் சுருட்டி வைத்த புதுப் பட்டை அசையக்கூட இல்லை.

பதினொன்று.

கையில் தண்ணீர் வடிந்தது. தரையில் சொட்டியது.

பன்னிரண்டாவது முழத்தில், உள்ளேயிருந்து யாரோ திருப்பி இழுத்தார்கள்.

விட்டார். பட்டை துளைகளுக்குள் சரசரவென்று ஓடியது. போகவிடக் கூடாது. ஏன் என்று தெரியவில்லை. தகட்டை மிதித்துக்கொண்டு, “மாதாவே” என்று மூச்சைப் பிடித்து இழுத்தார். தையல் துளைகளைத் தாண்டி வெளியே வந்தது. அந்த இடத்தில் வெட்டினார்.

கீழே கிடந்த பழசை அளந்தார். எட்டே முழம். உலர்ந்து கிடந்தது.

புதுசைத் தொட்டார்.

ஈரம்.

நாலரை மணிக்கு விமல்ராஜ் பைக்கில் வந்தான். அவர் வாயைத் திறப்பதற்குள் தகட்டை எடுத்து முதுகில் மாட்டி, இடுப்பில் பக்கிளைப் போட்டான்.

“சூப்பரா கீது மாமா. அளவு பாக்காமயே கரெக்டா போட்டுட்டீங்க.” தோளைக் குலுக்கினான். “போதும், இறுக்காதீங்க.”

சிங்கராயர் அவனுக்கு எதிரில் நின்றிருந்தார்.

“மாமா, பின்னாடி நின்னு வெளயாடாதீங்க. மூச்சு முட்டுது.”

“கழட்டுங்க மாப்ள.”

அப்போதுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அவருடைய இரண்டு கைகளையும் பார்த்தான். சிரிப்பு நின்றது. பக்கிளைத் தட்டினான். திறக்கவில்லை. மறுபடி தட்டினான். பட்டை சட்டைக்குள் அமுங்கி, சதைக்குள் அமுங்கி, உதடு நீலம் பாய ஆரம்பித்தது. அவர் தார்பாய்க் கத்தரியை எடுத்தார். இடது தோள். வலது தோள். இடுப்பு. தகடு தரையில் விழுந்து கணீரென்றது.

வெகுநேரம் இருமினான்.

“நைலான் மாமா,” என்றான் கடைசியில். “புது நைலான் அப்பிடித்தான் புடிக்கும்.”

“நாளைக்கு நீங்க எறங்கக் கூடாது. எம் பொண்ணு பெனிஷா மேல சத்தியம் பண்ணுங்க.”

“சரி மாமா, எறங்கல. சத்தியமா எறங்கல. வாங்க, டீ குடிக்கலாம். கண்டதையும் நெனச்சிக்கிறீங்க.”

தகட்டைக் கிடந்த இடத்திலேயே விட்டு, ஷட்டரை இழுத்துப் பூட்டினார். விமல்ராஜ் முன்னால் நடந்தான். நைலான்தான், வேர்வைதான் என்று சொல்லிக்கொண்டே போனான். சிங்கராயர் பின்னால் நடந்தார். ஒன்றையும் நம்பவில்லை.

மருமகனுடைய சட்டை, இரண்டு தோளிலும் பட்டை அகலத்துக்கு, இன்னும் உள்ளே அமுங்கியே இருந்தது. நடக்க நடக்க, கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டிருந்தது. சட்டையின் கீழ்விளிம்பிலிருந்து தார் ரோட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது.