நேரில் கண்டேன்

செவ்வாய்க் கோளில் மெய்யெண்ணைப் பார்த்துத்தான் காற்றைப் பங்கிட்டார்கள். வீட்டுக் கணக்கெடுப்பில் முதலில் சொன்ன பதிலும் மறுபடி கேட்கும்போது சொல்வதும் ஒத்துப்போனால் அந்த வட்டத்தின் மெய்யெண் ஏறும். கிழக்கு வட்டத்துக்கு நூற்றுக்கு நூறு. தெற்குக்கு நாற்பத்தொன்று. தெற்கத்தியார் காலையில் வீட்டில் நாலு பேர் என்பார்கள். மாலையில் மச்சான் வந்து உட்கார்ந்துவிட்டால் ஐந்து என்பார்கள்.

காற்று பற்றவில்லை என்று கிழக்கு மூன்று ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நூறு வாங்கியவர்கள் சொன்னால் மறுபேச்சு உண்டா? திங்கள் முதல் தெற்கின் காற்றில் பாதியைக் கிழக்குக்குத் திருப்ப உத்தரவாகிவிட்டது.

கணக்கெடுப்பாளர் எழினியின் வீடு தெற்கில். மகள் நிறைமதிக்கு ஏற்கெனவே இழுப்பு. கிழக்கில் இருக்கும் மரகதம் அக்காவைக் கையைக் காலைப் பிடித்தாவது கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்லலாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மூன்று ஆண்டுகளாகக் கணக்கெடுப்பின்போது ஒலியிணைப்பில் பழகிய குரல், முகம்தான் பார்த்ததில்லை.

கதவு தானாகத் திறந்தது. தலைக்கவசத்துக்குள் அதே குரல் கேட்டது.

"வாம்மா எழினி, உட்காரு. காபி போடட்டுமா?"

கூரையில் முழ நீளத்துக்கு விரிசல். உள்ளே வரும் காற்றெல்லாம் அதன் வழியே போய்க்கொண்டிருந்தது. மேசையைச் சுற்றி நான்கு பேர் செந்தூசி மூடி உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்து பல காலமாகியிருக்க வேண்டும்.

"அக்கா... வீட்ல எத்தனை பேரு?"

"நாலு பேருதாம்மா. எல்லாரும் சௌக்கியம். காத்துதான் பத்தல."

பேசியது வீடு. கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சலித்துப்போனவர்கள், தங்கள் குரலை வீட்டுக்குப் பழக்கிவிட்டிருந்தார்கள். வீடு பேச்சு மாறாது. அந்த வட்டத்தின் நாற்பது வீடுகளும் அவளை அப்படியே வரவேற்றன.

எழினி மரகதம் அக்கா வீட்டுக்கே திரும்பி வந்தாள். காற்றைப் பங்கிடும் கணிப்பகத்தைக் கூப்பிட்டாள். அங்கே பதில் சொல்வது இயந்திரம்.

"இங்க யாருமே உயிரோட இல்லைங்க! தெற்கோட காத்தை நிறுத்திடாதீங்க!"

"மூன்று ஆண்டுகளும் நாற்பது வீடுகளிலும் ஆட்களை நேரில் கண்டதாகப் பதிவு உள்ளது. ஒப்பம் உங்களுடையது."

இருந்த இடத்திலிருந்தே விசாரித்துவிட்டு 'நேரில் கண்டேன்' கட்டத்தைத் தொட்டுவிடுவது எல்லோரும் செய்வதுதானே?

"அது பொய்ங்க. நான் வரவே இல்ல."

"நூறு பெற்ற வட்டத்தை மறுக்க ஒரு தெற்குச் சொல் போதாது. பொய் என்று பதிந்தால் தெற்கின் மெய்யெண் இருபத்தொன்பதாகும். முப்பதுக்குக் கீழே காற்றே கிடையாது. பதியலாமா?"

நிறைமதி மூச்சுக்கு இழுப்பது காதிலேயே கேட்பது போலிருந்தது. பாதிக் காற்றாவது மிஞ்சட்டும்.

"வேண்டாங்க."

"இந்த ஆண்டுக்கான பதிவு?"

"காபி ஆறிடும்மா," என்றது மரகதம் அக்காவின் குரல்.

எழினி அழுதுகொண்டே 'நேரில் கண்டேன்' கட்டத்தைத் தொட்டாள். இந்த முறை அவள் நேரில்தான் கண்டிருந்தாள்.