கடல்காற்றில் மணலி நாற்றம்

காற்று கடலிலிருந்துதான் வீசிக்கொண்டிருந்தது. ஆனாலும் காருக்குள் மணலி நாற்றம் அடித்தது. பாஸ்கர் மீனவக் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவன், இது நடக்காத காரியம் என்று அவனுக்குத் தெரியும். மேற்கே மணலியில் இருக்கும் ஆலைகளின் எண்ணெய் வாடை திருவொற்றியூருக்கு வரவேண்டுமானால் மேல்காற்று அடிக்க வேண்டும், சாயங்காலம் கடல்காற்று எழுந்துவிட்டால் கருவாட்டு வாசமும் உப்பும்தான் வரும்.

"இன்னா நாத்தம்யா இது. கண்ணாடிய ஏத்து," என்றாள் மலர், பின்சீட்டிலிருந்து.

அவள் மடியில் தலைவைத்து சீட்டு முழுக்க நீட்டிப் படுத்திருந்தாள் மகள் நர்மதா. காலையிலிருந்து உடம்பு அனலாய்க் கொதித்தது. மதியம் வலிப்பு வந்தது. இன்னொரு முறை வருவதற்குள் ராயபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

பாஸ்கர் கண்ணாடிகளை ஏற்றினான். வெளிக்காற்று நுழையாதபடி ஏசியின் பொத்தானையும் அழுத்தினான். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இது கைப்பழக்கம். நாற்றம் என்றால் வெளியே இருப்பது, அடைத்துவிட்டால் தீர்ந்தது.

எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றிருந்தன. இரண்டு லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்தபோது வண்டி உதறிக்கொண்டு அணைந்தது. சாவியைத் திருப்பினான். பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் 'ஙொய்ய்' என்று முனகியது, எஞ்சின் பிடிக்கவில்லை.

இந்தச் சத்தத்தைத்தான் போன மாதம் சர்வீஸ் சென்டரில் சொன்னான். இதே மாடல் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குப் புலம்பிக்கொண்டிருந்தார்கள்: பம்ப் மூடி விரிசல் விடுகிறது, டேங்கை நிரப்பினால் பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல் கசிகிறது. புகார் வாங்கும் ரெஜி பொறுமையாகத்தான் கேட்டான். "உள்ள வாடை வருதா? சார் வீடு எங்க?" திருவொற்றியூர் என்றதும் சிரித்துவிட்டான். "அப்ப வேற என்ன வாடை சார் வரும்?" பாஸ்கரும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தான். இன்று காலைதான் டேங்கை நிரப்பியிருந்தான்.

"ப்பா, அடியில யாரோ முனகுறாங்க," என்றாள் நர்மதா.

"யாருமில்ல கண்ணு. வண்டிதான்."

சாவியை உருவி எடுத்தான். முனகல் நிற்கவில்லை.

"மலரு, கொயந்தையத் தூக்கிகினு எறங்கிடலாமா?"

"இந்த நாத்தத்துல எங்கய்யா எறங்குறது? மூச்சு முட்டிக்கும். லைனு நவுரும், இரு."

இருந்தான். தலை வலித்தது. பிறகு வலி விட்டது. உதடு மரத்தது, அப்புறம் விரல்கள்.

"நாத்தம் பூடுச்சில்ல?" என்றாள் மலர். அவள் குரல் தூரத்திலிருந்து வந்தது.

"பூடுச்சி."

உண்மைதான். நிம்மதியாக இருந்தது. முன்னால் நின்ற லாரியின் சிவப்பு விளக்குகள் கலங்கி ஒன்றாகிவிட்டன. பயப்பட வேண்டும் என்பது நினைவிருந்தது. எதற்கு என்பதுதான் நினைவில் இல்லை.

"யோவ், கொயந்தைக்கி வேர்த்து ஊத்துது. தொட்டுப் பாரு."

கையைப் பின்னால் நீட்டினான். நர்மதாவின் முதுகு சொதசொதவென்று நனைந்திருந்தது. கவுனும். சீட்டும். எல்லாம் சில்லென்று.

"குளுருதுப்பா."

"ஜொரம் வுட்டுடுச்சி!" மலர் அழுதாள், சிரித்தாள். "ஆத்தா, என் கொயந்தையக் காப்பாத்திட்டம்மா."

பாஸ்கருக்கும் கண் நிறைந்தது. மகள் பிழைத்துவிட்டாள். கையை முன்னால் கொண்டுவந்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரம் உலர்ந்தது. விரல்கள் வெளுத்தன.

வியர்வை இப்படி உலராது.

மூக்கருகே வைத்து முகர்ந்தான். ஒன்றுமில்லை. குழந்தையின் மார்பில் தடவிய தைலத்தின் வாசம்கூட இல்லை. எதுவுமே இல்லை.

அவனுக்குப் புரிந்தது. மிக மெதுவாக.

"ஜொரம் வுட்டா அந்த எடத்துலயே சூடம் காட்றேன்னு இப்பதான்யா வேண்டிக்கினேன்," என்றாள் மலர். "வூட்ல சுத்திப்போட்டதுல மீதி பையில கீது."

வேண்டாம். சொல்ல வேண்டும். வாய் திறந்தது. நாக்கு புரளவில்லை. கதவின் கைப்பிடியைத் தேடினான். கை அங்கே போகவில்லை. மடியிலேயே கிடந்தது.

பையைத் துழாவும் சத்தம்.

தீக்குச்சி உரசும் சத்தம்.

பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியில் மலரின் முகம் மஞ்சளாய்த் தெரிந்தது. நிம்மதியான முகம். அவள் விரல்நுனியில் சுடர், சுடரைச் சுற்றி நீலமாய் ஒரு வளையம். நர்மதா அதைத் தொடுவதற்குக் கையை நீட்டினாள். வளையம் விரிந்து அவள் கையைத் தேடி வந்தது.